ஜெயித்த அன்று தொடங்கிய கடன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 38. தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவருக்குப் புதுச்சேரியில் டூவீலர் உதிரிபாகக் கடை. தினமும் காலையில் பஸ் ஏறிப்போய் இரவு திரும்புகிறவர். குடி, சீட்டு எதுவும் கிடையாது. கிரிக்கெட் மட்டும் உயிர். 2024 ஆகஸ்டில் கடைத்தெரு நண்பர் ஒருவர் சொல்லி, இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரில் இலங்கை மேல் 5,000 ரூபாய் பெட் கட்டியிருக்கிறார். "27 வருஷமாத் தோத்துக்கிட்டே இருக்கான், எத்தனை நாளைக்குத் தோப்பான்?" என்பதுதான் அவர் கணக்கு. இலங்கை ஜெயித்தது. அதே மாதம் பாகிஸ்தானை வங்கதேசம் ராவல்பிண்டியில் வீழ்த்தியது, அதிலும் பணம். அக்டோபரில் நியூசிலாந்து பெங்களூருவில் ஜெயித்தது, அதிலும் பணம். தொடர் தோல்வி என்றால் அது உடைந்தே தீரும், உடையும் நேரம் தனக்குத் தெரியும் என்று மனிதர் நம்பத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் வந்தது இந்தியா–பாகிஸ்தான். 2025 பிப்ரவரியில் துபாயில் பாகிஸ்தான் மேல் கட்டிய 40,000 போனது. செப்டம்பர் ஆசியக் கோப்பையில் 14ஆம் தேதி 50,000, 21ஆம் தேதி ஒரு லட்சம், 28ஆம் தேதி இறுதிப் போட்டியில் இரண்டு லட்சம். மூன்றும் போயின. இதற்காகக் கடலூரில் ஒருவரிடம் பத்து வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கி, இரண்டு வெற்றுக் காசோலைகளிலும் ஒரு புரோநோட்டிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புரோநோட்டில் வாசகியும் ஓர் இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். மாதம் 30,000 வீதம் மூன்று மாதம் வட்டி கட்டியாயிற்று. பந்தயம் நடத்தும் புக்கிக்கு இன்னும் 90,000 பாக்கி. ஐந்து சவரன் நகை இவருக்குத் தெரியாமல் அடகுக்குப் போயிருக்கிறது. இறுதிப் போட்டிக்கு முன்பு இவரே மனமுவந்து கழற்றிக் கொடுத்த மூன்று சவரன் சங்கிலி தனி.

கேட்டிருக்கும் கேள்விகள் நான்கு. சூதாட்டக் கடன் சட்டப்படி செல்லாதாமே, அப்படியானால் ஒன்றும் தரவேண்டாமா? காசோலையை வைத்து ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்களா? கடன்காரர் என் பெயரிலுள்ள வீட்டுக்குப் பவர் எழுதிக் கேட்கிறார், கொடுக்கலாமா? நான்காவது, கடிதம் முடிந்த பிறகு பின்குறிப்பாக எழுதியது: "நீங்களும் கிரிக்கெட் பார்க்கிறவர் என்று தெரியும். அடுத்த தடவையாவது பாகிஸ்தான் ஜெயிக்குமா? ஒரே ஒரு தடவை கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்கிறார். விடலாமா?"

அம்மா, உங்கள் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றுக்கும் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. கடன் பிறந்தது இந்த நான்காவது கேள்வியில்.

தோற்றவனுக்கு வெற்றி பாக்கி இருக்கிறதா?

உங்கள் கணவர் கண்டதெல்லாம் நிஜம்தான். 2024 அப்படி ஒரு வருஷம். ஜனவரியில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகள் 8 ரன் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியாவை வென்றது. 1997க்குப் பிறகு அந்த மண்ணில் அவர்களுக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. கால் விரலில் அடிபட்டிருந்த ஷமார் ஜோசப் 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஆகஸ்டில் கொழும்பில் இலங்கை. முதல் ஆட்டம் டை, அடுத்த இரண்டும் அவர்களுக்கு. இந்தியாவோடு ஆடிய இருதரப்பு ஒருநாள் தொடர் ஒன்றை 1997க்குப் பிறகு அப்போதுதான் வென்றார்கள். அதற்கு முந்தைய வருஷம் இதே இலங்கை இந்தியாவிடம் ஆசியக் கோப்பை இறுதியில் 50 ரன்னுக்கும் உலகக் கோப்பையில் 55 ரன்னுக்கும் சுருண்டிருந்தது. வங்கதேசம் பாகிஸ்தானுடன் ஆடிய 13 டெஸ்டுகளில் 12 தோல்வி, ஒரு டிரா, பதினான்காவதில் ஜெயித்தது. நியூசிலாந்து 1988க்குப் பிறகு இந்தியாவில் ஒரு டெஸ்டும் ஜெயிக்காமல் இருந்து, வந்து மூன்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஒரே வருஷத்தில் இத்தனையும் நடந்ததைப் பார்த்த மனுஷனுக்கு ஏதோ ஒரு விதி பிடிபட்டதுபோலத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அவர் எண்ணிப் பார்க்காதது, அந்த வருஷம் உடையாமல் கிடந்த தொடர் தோல்விகளை. உடைந்தது செய்தியாகிறது, நீடித்தது யார் கண்ணிலும் படுவதில்லை. அதிலும் உடைந்ததோடு காலம் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. பிரிஸ்பேனில் சரித்திரம் படைத்த மேற்கிந்தியத் தீவுகள், அடுத்த வருஷம் ஜூலையில் கிங்ஸ்டனில் அதே ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னுக்கு ஆல் அவுட். தொடர் 3–0.

ஒரு அணி தொடர்ந்து தோற்றால் அதற்குக் காரணங்கள் இருக்கும். ஆட்டக்காரர் தரம், தேர்வுக் குழுவின் குழப்பம், ஆடுகளம், பந்துவீச்சின் ஆழம். அந்தக் காரணங்கள் போனால் தோல்வியும் போகும். முந்தைய தோல்விகளின் எண்ணிக்கை கூடக்கூட வெற்றி தானாக நெருங்கி வருவதில்லை. 1992இல் சிட்னியில் ஆடிய இம்ரான் கானும் 2023இல் அகமதாபாத்தில் ஆடிய பாபர் ஆசமும் வேறு வேறு காலத்து ஆட்கள். ஒருநாள் உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக 8–0 என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது 31 வருஷங்களில் நடந்த எட்டுத் தனித்தனி ஆட்டங்கள். அந்த 1992இல் நம்மிடம் தோற்ற பாகிஸ்தான்தான் கோப்பையை வென்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு அணிகளும் மோதிய எல்லா ஒருநாள் ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் இன்றைக்கும் அதிகம் ஜெயித்திருப்பது பாகிஸ்தான். ஷார்ஜாவில் 1986 ஏப்ரலில் சேத்தன் சர்மாவின் கடைசிப் பந்தை மியாண்டட் சிக்ஸருக்குத் தூக்கிய காலத்தில், இவர்களை நம்மால் ஜெயிக்கவே முடியாது என்று பேசியவர்கள் நாம்தான்.

இப்போது உங்கள் சங்கிலிக்கு வருகிறேன். "மூன்றாவது தடவையும் தோற்க முடியாது என்று நானும் நம்பித்தான் கழற்றிக் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு டீச்சரிடம் கணக்கு சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். பத்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்கக்கூடிய அணி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது அடுத்தடுத்து மூன்று ஆட்டத்திலும் தோற்கும் வாய்ப்பு 0.7 × 0.7 × 0.7. அதாவது 0.343. மூன்றில் ஒரு தடவைக்குமேல் இப்படி நடக்கும். நடக்கவே நடக்காது என்று நீங்கள் நினைத்தது இதைத்தான். முதல் இரண்டில் தோற்ற பிறகு மூன்றாவதில் வாய்ப்பு எவ்வளவு? அதே பத்துக்கு மூன்று. முந்தைய இரண்டு தோல்வியும் அதில் ஒரு பைசா கூட்டவில்லை.

தோற்கத் தோற்க இரட்டிப்பாகக் கட்டுவது இன்னும் மோசம். 1989 தொடங்கி 2003 வரை இங்கிலாந்து எட்டு ஆஷஸ் தொடர்களை வரிசையாக ஆஸ்திரேலியாவிடம் இழந்தது. 1989இல் ஒருவர் இங்கிலாந்து மேல் 1,000 ரூபாய் கட்டி, ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்துக்கொண்டே போயிருந்தால் எட்டாவது தொடர் முடியும்போது 2,55,000 இழந்திருப்பார். ஒன்பதாவதற்கு அவர் 2,56,000 கட்டவேண்டும். 2005இல் இங்கிலாந்து 2–1 என ஜெயித்தது. போட்டதற்குச் சமமாகக் கிடைக்கும் என்றால், 16 வருஷம் காத்திருந்த அந்த மனிதருக்கு மிச்சம் 1,000 ரூபாய். அந்தத் தொடரிலும் முதல் டெஸ்டில் இங்கிலாந்து தோற்றது, இரண்டாவதை வெறும் 2 ரன்னில்தான் ஜெயித்தது. எட்ஜ்பாஸ்டனில் இன்னொரு பவுண்டரி போயிருந்தால்?

பாகிஸ்தான் ஜெயித்தால் புக்கி கூடுதலாகத் தருகிறேன் என்பதைக் கணவர் சலுகை மாதிரிச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சலுகை இல்லை அம்மா. ஜெயிக்கும் வாய்ப்பு குறைவு என்று புக்கிக்குத் தெரியும், அதற்கேற்ற விலை அது. தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் அந்த விலையையே அவன் போடுகிறான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. இறுதிப் போட்டியில் பாகிஸ்தான் 1 விக்கெட்டுக்கு 113 என்று இருந்து 146க்குச் சுருண்டதையும், பிறகு இந்தியா 20 ரன்னுக்கு 3 விக்கெட் போனபோது இருவரும் சந்தோஷப்பட்டதையும், அது பக்கத்து வீட்டில் கேட்கக்கூடாதென்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்ததையும் எழுதி, "வெட்கமாக இருக்கிறது" என்று முடித்திருந்தீர்கள். எந்த அணி ஜெயிக்கவேண்டும் என்று நினைப்பது உங்கள் விருப்பம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் திலக் வர்மா 69 அடித்து ஜெயிக்க வைத்த அந்த இரவில், கிரிக்கெட் உயிர் என்று சொன்ன மனிதர் கிரிக்கெட் பார்க்கவில்லை. இரண்டு லட்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆட்டத்தில் பாகிஸ்தான் ஜெயிக்கலாம். 2017இல் ஓவலில் 180 ரன்னிலும், 2021இல் துபாயில் விக்கெட்டே இழக்காமலும் ஜெயித்தவர்கள்தான். இனியும் ஒருநாள் ஜெயிப்பார்கள். என் பயம் அந்த நாளைப் பற்றித்தான். 2024இல் இலங்கை தோற்றிருந்தால் உங்கள் வீட்டில் 5,000 ரூபாயோடு போயிருக்கும். ஜெயித்ததால்தான் இவ்வளவும். ஆகவே "ஒரே ஒரு தடவை"க்கு என் பதில்: வேண்டாம். ஜெயித்தாலும் வேண்டாம்.

இரண்டு கடன், இரண்டு சட்டம்

சூதாட்டக் கடன் செல்லாது என்று உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லி எந்தப் பணத்தையும் வழக்குப் போட்டு வாங்க முடியாது. ஆக, புக்கி கேட்கும் 90,000த்துக்கு நீதிமன்றக் கதவு திறக்காது. அதே கதவு உங்களுக்கும் மூடித்தான் இருக்கிறது. தோற்ற பணத்தைத் திருப்பிக் கேட்டோ, 2024இல் ஜெயித்ததில் அவன் "கணக்கில் இருக்கட்டும்" என்று நிறுத்தி வைத்ததைக் கேட்டோ வழக்குப் போட முடியாது.

கடன்காரரின் மூன்று லட்சம் வேறு. பந்தயம் செல்லாது என்றாலும், அதற்காகத் தனியாக ஒருவரிடம் வாங்கிய கடன் அதனாலேயே செல்லாததாகிவிடாது. 1959இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. இன்று இணையவழிப் பந்தயத்தையே சட்டம் தடுத்திருப்பதால், எதற்கென்று தெரிந்தே கொடுத்த கடன் சட்ட விரோத நோக்கத்துக்கானது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அது வாதம்தான். அவர் தெரிந்துதான் கொடுத்தார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஜெயிப்போமா என்று தெரியாத ஒன்றை நம்பி மறுபடியும் பெட் கட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. அசலை ஒப்புக்கொள்ளுங்கள், வட்டியை எதிர்த்து நில்லுங்கள்.

பத்து வட்டி என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் அடக்கம். மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்தி, கணக்கை நேர் செய்யக் கேட்டு மனுப் போடவும் அதில் வழி இருக்கிறது. கடன் கடலூரில் வாங்கியதால் இந்தச் சட்டம் உங்களுக்குக் கிடைக்கிறது. எல்லையிலுள்ள ரெட்டிச்சாவடி தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போனால் பாட்டில் விலை மட்டுமல்ல, சட்டமும் மாறுகிறது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே கொடுத்த 90,000 ரூபாய் வட்டிக்குச் சாட்சி வேண்டும். போனில் அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வங்கிப் பாஸ்புத்தகத்திலும் பதிவு போட்டு வையுங்கள். இனிமேல் கையில் ரொக்கம் கொடுக்கவே கூடாது.

காசோலையும் புரோநோட்டும்

வெற்றுக் காசோலை செல்லாது என்பது ஊரெல்லாம் உள்ள தப்பு நம்பிக்கை. கையெழுத்திட்டு நீங்களே கொடுத்த காசோலையில் மற்றவர் தொகையை நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் கணவருடையது. பேமென்ட்டை நிறுத்தச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுத்தால் தப்பிவிடலாம் என்பதும் சரியல்ல. அப்படித் திரும்பி வந்தாலும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு வரும்.

காசோலை திரும்பினால் அடுத்த நாளே ஜெயில் என்பதும் இல்லை. வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் அவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்ததும் பணம் கட்ட 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குத் தொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் ஆள் இல்லை என்று தபால்காரரிடம் சொல்லச் சொல்லும் கட்சிக்காரர்களை நான் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். அதனால் யாருக்கும் நன்மை நடந்ததில்லை. மறுத்தாலும் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், பதில் சொல்லும் வாய்ப்புதான் போகும்.

அவர் காசோலையை வங்கியில் போடும் முன் நாம் முந்திக்கொள்வதே நல்லது. வாங்கிய தொகை, தேதி, இதுவரை கட்டிய வட்டி, காசோலை எண்கள், அவை ஈடாக வெற்றாகக் கொடுக்கப்பட்டவை என்ற விவரம், அசலைத் தவணையில் தரச் சம்மதம் என்ற வரி, இவ்வளவையும் எழுதி வக்கீல் நோட்டீஸாக அனுப்புங்கள். பிறகு 138 வழக்கு வந்தாலும், முன்பே சொன்ன கதை இது என்று காட்ட ஒரு தாள் இருக்கும்.

புரோநோட்டுக்கு ஆயுள் எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போடலாம். இடையில் கொடுத்த பணத்துக்கு அதன் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்த மூன்று வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாமலிருக்க இது இன்னொரு காரணம்.

உங்கள் கையெழுத்து, உங்கள் நகை, உங்கள் வீடு

கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி என்பதாலேயே நீங்கள் பொறுப்பாளி ஆகமாட்டீர்கள். உங்கள் சம்பளத்திலும் கைவைக்க முடியாது. ஆனால் புரோநோட்டில் நீங்கள் எந்த இடத்தில் கையெழுத்திட்டீர்கள் என்பது முக்கியம். சாட்சி என்ற இடத்தில் என்றால் பயமில்லை. எழுதியதைப் பார்த்தேன் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. கணவர் பெயருக்குக் கீழேயே, அல்லது ஜாமீன் என்ற இடத்தில் போட்டிருந்தால் கதை வேறு. நினைவில்லை என்கிறீர்கள். நோட்டீஸில் புரோநோட்டின் நகலைக் கேட்போம்.

வீட்டுக்குப் பவர் எழுதிக் கொடுக்கலாமா என்றால், கூடவே கூடாது. பவர், கிரைய ஒப்பந்தம், வெற்றுப் பத்திரம் எதுவானாலும் சரி. "சும்மா ஒரு நம்பிக்கைக்கு" என்றுதான் கேட்பார்கள். மூன்று லட்சக் கடனுக்கு எழுதிய கிரைய ஒப்பந்தத்தை வைத்து முப்பது லட்ச வீட்டைக் கேட்டு வரும் வழக்குகளுக்குக் கடலூர் நீதிமன்றத்தில் பஞ்சமில்லை. உங்கள் அம்மா எழுதி வைத்த வீடு உங்களுடையது. கணவர் அழுதாலும் இதில் மட்டும் இளகாதீர்கள்.

பிறந்த வீட்டில் போட்ட நகை உங்கள் சீதனம். அதில் கணவருக்குப் பங்கில்லை. உங்களுக்குத் தெரியாமல் ஐந்து சவரனை அடகு வைத்தது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறைக்குள் வரும். வழக்குப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. பேச்சுவார்த்தையில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். அடகுச் சீட்டை இன்றே வாங்கி வையுங்கள். ஏல அறிவிப்பு வருவதற்குள் வட்டியையாவது கட்டிப் புதுப்பியுங்கள். கையில் வரும் பணம் முதலில் போகவேண்டியது இதற்குத்தான், புக்கிக்கு அல்ல.

விவாகரத்து வாங்கிவிடு என்று அண்ணன் சொல்கிறார் என்றீர்கள். அண்ணனின் கோபம் நியாயம். நீங்கள் எட்டுப் பக்கத்தில் ஒரு வரிகூட அதைக் கேட்கவில்லை, அதனால் நானும் தொடவில்லை.

போலீஸுக்குப் போனால்

இதில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடன்காரர் வீட்டு வாசலில் நின்று மிரட்டினால் அது குற்றமுறு மிரட்டல். பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவிலும், அதீத வட்டிச் சட்டத்திலும் புகார் கொடுக்கலாம். தயங்க வேண்டாம்.

புக்கி மேல் புகார் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்பதோடு, ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. இரவில் கடலூர் வீட்டிலிருந்து போனில் கட்டியதையெல்லாம் உங்கள் கணவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் நாடு முழுமைக்குமானது. அது பணம் வைத்து ஆடும் விளையாட்டை நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவரையும் தண்டிக்கிறது, ஆடியவரை அல்ல. அந்தச் சட்டம் வந்த வேகத்தில்தான், விளம்பரதாரராக இருந்த இணைய விளையாட்டு நிறுவனம் விலகி, உங்கள் இரண்டு லட்சம் போன அதே ஆசியக் கோப்பையில் இந்திய அணியின் சட்டையில் விளம்பரதாரர் பெயரே இல்லாமல் இருந்தது. இவ்வளவு பெரிய நிறுவனங்கள் கடையைச் சாத்திய பிறகும் புதுச்சேரியில் ஒரு வாட்ஸ்அப் எண் வேலை செய்துகொண்டிருக்கிறது.

என் யோசனை: புக்கிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காமல், ஒரு மெசேஜும் அனுப்பாமல், எண்ணை பிளாக் செய்யச் சொல்லுங்கள். பழைய உரையாடல்களை அழிக்க வேண்டாம். ஆள் அனுப்பி மிரட்டினால் அப்போது வக்கீலோடு போய், மிரட்டலை முதன்மையாக வைத்துப் புகார் கொடுக்கலாம்.

கணவரைப் பற்றி. "போய்ச் சேர்ந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று இரண்டு தடவை சொன்னார் என்று ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் போகிற போக்கில் விடக்கூடாது. தினமும் ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார். கோரிமேட்டில் இறங்கி மனநலப் பிரிவில் காட்டட்டும், நீங்களும் கூடப் போங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் பார்க்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இன்றிரவே அழைத்தாலும் சரி. சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது, சிகிச்சை இருக்கிறது. திட்டுவதாலும் சத்தியம் வாங்குவதாலும் அது போகாது. சத்தியம் ஏற்கெனவே மூன்று தடவை வாங்கியாயிற்றே. கொஞ்ச நாளைக்குக் கடை வரவு செலவும் போனில் பணம் அனுப்பும் வசதியும் உங்கள் கையில் இருக்கட்டும். மேட்ச் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தன்று மட்டும் அவரைத் தனியே போனோடு விடாதீர்கள்.

வக்கீல் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, நீங்கள் ஆசிரியை என்பதும் தடையில்லை. கடலூர் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது அடகுச் சீட்டு, பாஸ்புத்தகம், வட்டி கட்டிய ஸ்க்ரீன்ஷாட்டுகள், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை இவற்றை எடுத்துப் போங்கள். கிழித்துக் கொடுத்த இரண்டு காசோலைகளின் எண்கள் அந்த அடிக்கட்டையில்தான் இருக்கும்.